நான்கு முறை பிறந்த பந்தயம்

ஆண்களுக்கான டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் 1903-ல் தொடங்கியது. இரண்டு உலகப் போர்க் காலங்களைத் தவிர அது நின்றதே இல்லை. கொரோனா உலகைப் பூட்டிவைத்த 2020-ல்கூட இரண்டு மாதம் தள்ளி நடந்து முடிந்தது. பெண்களுக்கான டூர் டி பிரான்ஸின் கதை வேறு. 1955-ல் பிறந்தது, அடுத்த வருடமே காணோம். 1984-ல் மறுபடி பிறந்து, அந்தப் பெயரில் ஆறு வருடம் ஓடியது. 1992-ல் வேறொருவர் கையில் மீண்டும் பிறந்து, தேய்ந்து தேய்ந்து 2009-ல் நான்கு நாள் பந்தயமாகச் சுருங்கி முடிந்தது. இன்று நடப்பது 2022-ல் எடுத்த நான்காவது பிறவி.

ஒவ்வொரு முறையும் சாலையில் இறங்கிய பெண்களிடம் திறமைக்கோ தெம்புக்கோ குறை இருக்கவில்லை. பந்தயத்தை விடாமல் நடத்தத்தான் ஆள் இல்லை. பெண்களின் தொழில்முறை சைக்கிள் பந்தய வரலாற்றை எங்கே புரட்டினாலும் இதுவே கண்ணில் படுகிறது.

இத்தாலியில் 1924-ல் நடந்ததைப் பாருங்கள். டூருக்கு அடுத்த பெரிய பந்தயமான ஜிரோ டி இத்தாலியாவில் அந்த வருடம் பணத் தகராறு. பெரிய அணிகள் விலகிவிட, நட்சத்திர வீரர்கள் இல்லாமல் பந்தயம் களையிழந்து நின்றது. அதை நடத்திய 'லா கஸெட்டா டெல்லோ ஸ்போர்ட்' பத்திரிகை, 33 வயதான அல்ஃபோன்சினா ஸ்ட்ராடா என்ற பெண்ணுக்கு இடம் கொடுத்தது. பட்டியலில் அவர் பெயர் 'அல்ஃபோன்சின்' என்று வந்தது. கடைசி எழுத்து போனதால், வருவது ஆணா பெண்ணா என்று வாசகருக்குப் பிடிபடவில்லை. ஸ்ட்ராடா புதியவரல்ல. 1917-லும் 1918-லும் லொம்பார்டியா பந்தயத்தில் ஆண்களோடு ஓட்டியவர். 1915-ல் திருமணமானபோது கணவர் லூயிஜி அவருக்குக் கொடுத்த பரிசு ஒரு பந்தய சைக்கிள்!

அந்த ஜிரோவின் தூரம் 3,613 கிலோமீட்டர். அதை 12 கட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். பெரும்பாலும் மண் சாலை. இன்றைய கியர் வசதி கிடையாது. லக்விலாவிலிருந்து பெரூஜாவுக்குப் போன கட்டத்தில் மழையும் காற்றும் அடித்தன. ஸ்ட்ராடா விழுந்தார், ஹேண்டில்பார் உடைந்தது. ஒரு துடைப்பக் கட்டையை அந்த இடத்தில் செருகிக் கட்டிக்கொண்டு ஓட்டினார். பெரூஜா வந்து சேர்ந்தபோது காலக்கெடு தாண்டியிருந்தது. விதிப்படி அத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆனால் அவரைப் பார்க்கவே சாலையோரத்தில் கூட்டம் கூடிக்கொண்டிருந்தது. அதனால் தரவரிசையில் சேர்க்காமல் தொடர்ந்து ஓட்ட அனுமதித்தார்கள். புறப்பட்ட 90 பேரில் மிலான்வரை ஓட்டி முடித்துத் தரவரிசையில் இடம்பெற்றவர்கள் 30 பேர்தான். அவர்களோடு ஸ்ட்ராடாவும் மிலான் வந்து சேர்ந்தார். அடுத்த வருடம் நட்சத்திரங்கள் திரும்பிவிட்டார்கள். அவருக்குக் கதவு மூடப்பட்டது. கூட்டம் சேர்க்க ஆள் தேவைப்பட்டவரை பெண் தேவைப்பட்டார். இதே கணக்கு பிறகும் பல முறை போடப்பட்டது.

முதல் பெண்கள் டூரை 1955-ல் நடத்தியவர் ழான் லெயுலியோ என்ற பத்திரிகையாளர். நார்மண்டிப் பகுதியில் ஐந்து கட்டங்கள், 41 பேர். வென்றவர் ஐல் ஆஃப் மேன் தீவைச் சேர்ந்த மில்லி ராபின்சன். பத்திரிகைகள் வேடிக்கை பார்த்தன. இரண்டாவது பந்தயம் நடக்கவே இல்லை. மூன்று வருடம் கழித்து, 1958-ல், சர்வதேச சைக்கிள் ஒன்றியமான யூ.சி.ஐ. பெண்களுக்கு உலகச் சாம்பியன் பந்தயம் வைத்தது. பிரான்சின் ரான்ஸ் நகரில் நடந்த அந்தப் பந்தயத்தை லக்சம்பர்க்கின் எல்ஸி ஜேக்கப்ஸ் வென்றார். ஆண்களின் தொழில்முறை வீரர்களுக்கு அந்தப் பட்டம் 1927-லேயே வந்துவிட்டது.

சாம்பியன் பட்டம் வந்தது, சம்பளம் வரவில்லை. இதற்குப் பெரில் பர்ட்டனைவிட நல்ல சாட்சி கிடையாது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்த இவர், சிறு வயதில் வாதக் காய்ச்சலால் நெடுநாள் மருத்துவமனையில் கிடந்தவர். 1960-லும் 1967-லும் சாலைப் பந்தயத்தில் உலகச் சாம்பியன். டிராக்கில் நடக்கும் பர்சூட் போட்டியில் ஐந்து முறை உலகச் சாம்பியன். பிரிட்டனின் 'சிறந்த ஆல்ரவுண்டர்' பட்டத்தைத் தொடர்ந்து 25 வருடம் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. இத்தனைக்கும் அவர் கடைசிவரை அமெச்சூர். யார்க்‌ஷயரில் ருபார்ப் பண்ணை ஒன்றில் மண்ணோடு மல்லாடிக் கூலிவேலை செய்துகொண்டே பயிற்சி எடுத்தார்.

1967 செப்டம்பரில் யார்க்‌ஷயரில் 12 மணி நேரப் பந்தயம் ஒன்று நடந்தது. நேரத்துக்குள் யார் அதிக தூரம் போகிறாரோ அவர் வெற்றியாளர். ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பிய பிறகு பெண்களை அனுப்பினார்கள். ஆண்கள் வரிசையில் கடைசியாகக் கிளம்பியவர் மைக் மக்நமாரா. பர்ட்டன் முன்னே போனவர்களை ஒவ்வொருவராகத் தாண்டி, கடைசியில் மக்நமாராவின் பின்சக்கரத்தைப் பிடித்தார். அன்று ஆண்களுக்கான தேசிய சாதனையை நோக்கி ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். பர்ட்டன் பக்கத்தில் வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு லிக்கரிஸ் மிட்டாயை எடுத்து நீட்டினார். அவர் நன்றி சொல்லி வாயில் போட்டுக்கொண்டார். பர்ட்டன் தாண்டிப் போய்விட்டார். அன்று மக்நமாரா ஓட்டிய 276.52 மைல் ஆண்களுக்கான புதிய சாதனை. பர்ட்டன் ஓட்டியது 277.25 மைல். பெண்கள் பிரிவில் அந்தச் சாதனையை முறியடிக்க 2017-தான் வர வேண்டியிருந்தது: சரியாக ஐம்பது வருடம்.

இப்படிப்பட்டவர்கள் இருந்தும் தொழில்முறைப் பந்தயம் ஏன் வேரூன்றவில்லை? இதற்கு இந்த விளையாட்டின் பொருளாதாரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சாலை சைக்கிள் பந்தயத்தில் முதல் எதிராளி காற்று. முன்னால் ஒருவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால், அவருடைய பின்சக்கரத்தை ஒட்டி வருபவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை உழைப்பு மிச்சமாகும். ஆகவே தனி ஒருவர் ஜெயிக்கும் இந்தப் பந்தயம் அணியாகவே ஆடப்படுகிறது. அணியில் ஒருவர் தலைவி. மற்றவர்கள் அவருக்காகக் காற்றை வாங்கிக்கொள்வார்கள். பின்னால் வரும் அணிக் காருக்குப் போய்த் தண்ணீர் பாட்டில்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்து கொடுப்பார்கள். தலைவியின் டயர் பஞ்சரானால் தங்கள் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்பார்கள். பல நாள் பந்தயத்தில் எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டி, குறைவான நேரம் எடுத்தவருக்கு வெற்றி.

இப்படி ஓர் அணியை வருடம் முழுக்கக் கட்டிக் காக்க மெக்கானிக், கார், ஹோட்டல், பயணம் என்று செலவு எக்கச்சக்கம். டிக்கெட் வருமானம் கிடையாது. சாலையோரம் நின்று யார் வேண்டுமானாலும் சும்மா பார்க்கலாம். பணம் ஸ்பான்சரிடமிருந்து வந்தால்தான் உண்டு. சட்டையில் உள்ள தன் பெயர் தொலைக்காட்சியில் தெரிந்தால்தான் ஸ்பான்சர் பணம் கொடுப்பார். பெண்கள் பந்தயம் தொலைக்காட்சியில் வரவில்லை. பார்ப்பவர்கள் இல்லை என்று ஒளிபரப்பவில்லை. ஒளிபரப்பாததால் பார்ப்பவர்கள் உருவாகவில்லை. பெண்களின் திறமையோடு சம்பந்தமில்லாத இந்த முடிச்சுதான் பல தலைமுறைகளின் தொழிலைப் பறித்தது.

1984-ல் அந்த முடிச்சு அவிழ்ந்துவிடும் போலிருந்தது. ஆண்களின் சாலைப் பந்தயம் 1896-லேயே ஒலிம்பிக்கில் இடம்பெற்றுவிட்டது. பெண்களுக்கு 88 வருடம் கழித்து லாஸ் ஏஞ்சலீஸில்தான் இடம் கிடைத்தது. 79 கிலோமீட்டர் ஓட்டி வந்து, எல்லைக்கோட்டில் ஹேண்டில்பாரை முன்னால் தள்ளி, அரைச் சக்கரம்கூட இல்லாத வித்தியாசத்தில் சக அமெரிக்கரான ரெபெக்கா ட்விக்கை முந்தினார் கான்னி கார்ப்பென்டர். அதே வருடம் ஜூலையில், ஆண்களின் டூர் நடந்த அதே நாட்களில், அதே சாலைகளில், பெண்களுக்கும் டூர் நடந்தது. 18 கட்டங்கள், 36 பேர், சுமார் ஆயிரம் கிலோமீட்டர். ஆண்களின் பாதையில் கடைசி அறுபது எழுபது கிலோமீட்டரைப் பெண்கள் முதலில் ஓட்டி முடிப்பார்கள். சில மணி நேரம் கழித்து ஆண்கள் வருவார்கள். மலையுச்சிகளில் காலையிலிருந்தே இடம் பிடித்து உட்கார்ந்திருந்த லட்சக்கணக்கான பிரெஞ்சு ரசிகர்கள் பெண்கள் ஏறி வருவதைக் கண்ணால் கண்டார்கள், கைதட்டினார்கள்.

வென்றவர் அமெரிக்காவின் மரியான் மார்ட்டின். ஆல்ப்ஸ் மலையில் மற்றவர்களை உதறிவிட்டு, மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையைப் பிடித்தவர். பாரிஸில் ஷாம்ஸ் எலிஸே சாலையில், ஆண்கள் பிரிவில் வென்ற லோரான் ஃபின்யோனோடு ஒரே மேடையில் நின்றார். மேடை ஒன்று, பரிசு வேறு. ஃபின்யோனுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல். மார்ட்டினுக்குச் சுமார் ஆயிரம் டாலர். அதையும் அவர் அணியினரோடு பகிர்ந்துகொண்டார்.

அதற்குப் பின் இத்தாலியின் மரியா கனின்ஸ் இரண்டு முறை, பிரான்சின் ஜீனி லோங்கோ மூன்று முறை வென்றார்கள். கனின்ஸ் முன்பு பனிச்சறுக்கு வீராங்கனை; முப்பது வயதைத் தாண்டிய தாய். அவர்கள் இருவரின் மலைச் சண்டையைப் பார்த்தவர்கள் யாரும் பெண்கள் பந்தயம் சுவையற்றது என்று சொல்லியிருக்க முடியாது. இருந்தும் 1989-க்குப் பிறகு ஏற்பாட்டாளர்கள் செலவையும் சிரமத்தையும் காட்டி அதைக் கைவிட்டார்கள். 1992-ல் பியர் புவே என்பவர் தனியாக ஒரு பந்தயத்தைத் தொடங்கினார். 'டூர்' என்ற பெயரைப் பயன்படுத்த டூர் நிறுவனம் விடவில்லை, பெயர் மாறியது. ஆண்கள் பந்தயத்தோடு இருந்த தொடர்பு அறுந்ததால் கூட்டமும் கேமராவும் அறுந்தன.

அந்த வறண்ட காலத்தில் பந்தய ஓட்டத்தைத் தொழிலாகத் தேர்ந்தவர்கள் பட்ட பாடு சாதாரணமல்ல. வேல்ஸ் நாட்டின் நிக்கோல் குக் 2008-ல் பெய்ஜிங்கில் கொட்டும் மழையில் ஒலிம்பிக் தங்கம் வென்று, அதே வருடம் உலகச் சாம்பியனும் ஆனவர். அவருக்கே அணிகளிடமிருந்து சம்பளப் பாக்கியை வாங்கப் போராட வேண்டியிருந்தது. 2013 ஜனவரியில் ஓய்வு பெறும்போது ஊக்கமருந்து, ஊதிய ஏய்ப்பு, பாரபட்சம் எல்லாவற்றையும் நீண்ட அறிக்கையில் போட்டு உடைத்தார். 2010-ல் நேரப்பந்தய உலகச் சாம்பியனான எம்மா பூலி, ஓட்டிக்கொண்டே சூரிக்கில் மண் பொறியியலில் டாக்டர் பட்டமும் படித்து முடித்தார்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற பிரிட்டனின் லிஸ்ஸி ஆர்மிட்ஸ்டெட், பதக்கம் கழுத்தில் ஏறிய கையோடு விளையாட்டில் உள்ள பாலினப் பாகுபாட்டைப் பற்றிப் பேசினார். மறுவருடம் அமெரிக்காவின் காத்ரின் பெர்ட்டைன், பூலி, டச்சு வீராங்கனை மரியான் வோஸ், டிரையத்லான் சாம்பியன் கிறிஸ்ஸி வெலிங்டன் ஆகிய நால்வரும் ஒரு மனுவை எழுதினார்கள்: டூரில் பெண்களுக்கு இடம் வேண்டும். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். டூர் நிறுவனம் இறங்கி வந்தது. 2014 ஜூலையில் ஷாம்ஸ் எலிஸேயில் 'லா கோர்ஸ்' என்ற ஒரு நாள் பந்தயம் நடந்தது. வென்றவர், மனு எழுதியவர்களில் ஒருவரான மரியான் வோஸ்!

ஒரு நாள் பந்தயம் போதாதுதான். ஆனால் அது தொலைக்காட்சியில் வந்தது. 2016-ல் பெண்களுக்கான உலகச் சுற்றுப் பந்தயத் தொடர் தொடங்கியது. 2017-ல் டச்சு வீராங்கனை ஐரிஸ் ஸ்லாப்பென்டலும் தோழிகளும் 'சைக்ளிஸ்ட்ஸ் அலையன்ஸ்' என்ற சங்கத்தைத் தொடங்கி, ஒப்பந்தம், ஊதியம், மகப்பேறு விடுப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். யூ.சி.ஐ. 2020-ல் முதல்நிலைப் பெண்கள் அணிகளுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தைக் கட்டாயமாக்கியது. முதல் வருடம் 15,000 யூரோ, 2023-ல் 32,102 யூரோ. மூன்று மாதம் முழுச் சம்பளத்தோடும் ஐந்து மாதம் பாதிச் சம்பளத்தோடும் மகப்பேறு விடுப்பு வந்தது. உலகச் சுற்றுப் பந்தயங்களுக்கு நேரலை கட்டாயமானது. ஒரு பந்தயத்தில் கிடைக்கும் கோப்பையைவிட இந்த விதிகள் பெரியவை. சம்பளம் வந்தால்தான் ஒருவர் பகல்வேலையை விட்டுவிட்டு முழுநேரம் பயிற்சி எடுக்க முடியும்.

முழுநேர அணி இல்லாத ஒருவரால் என்ன முடியும் என்பதையும் உலகம் 2021-ல் டோக்கியோவில் பார்த்தது. ஆஸ்திரியாவின் ஆனா கீசன்ஹோஃபர் கணித ஆராய்ச்சியாளர். எந்தத் தொழில்முறை அணியோடும் ஒப்பந்தம் இல்லாதவர். ஒலிம்பிக் பந்தயம் கொடியசைத்துத் தொடங்கிய நொடியே சிலரோடு முன்னால் பாய்ந்தார். பிறகு அவர்களையும் விட்டுவிட்டுத் தனியாகப் போனார். ஒலிம்பிக்கில் காதில் ரேடியோ வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. பின்னால் துரத்திய ஜாம்பவான்கள் முன்னே போனவர்கள் எல்லோரையும் பிடித்துவிட்டதாக நினைத்தார்கள். நெதர்லாந்தின் அன்னமீக் வான் ஃப்ளூட்டன் எல்லைக்கோட்டைத் தாண்டும்போது கையை உயர்த்திக் கொண்டாடினார். தங்கம் ஒரு நிமிடத்துக்கு முன்பே போய்விட்டது அவருக்குத் தெரியாது.

அதே வருடம் அக்டோபரில் பாரிஸ்–ரூபே பந்தயம் முதல் முறையாகப் பெண்களுக்கு நடந்தது. ஆண்களுக்கு 1896-லிருந்து நடக்கும் இந்தப் பந்தயம், வடக்கு பிரான்சில் கருங்கல் பாவிய வயல்வெளிப் பாதைகளில் எலும்பை உலுக்கும். மழையில் கல் வழுக்க, லிஸ்ஸி 82 கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போதே தனியாகக் கிளம்பிவிட்டார். ஆம், லண்டனில் குரல் எழுப்பியவரேதான். இப்போது லிஸ்ஸி டைக்னன், மூன்று வயதுக் குழந்தைக்குத் தாய். கையுறை போடாமல் ஓட்டியதால் உள்ளங்கை கிழிந்து, ஹேண்டில்பாரின் வெள்ளை டேப்பில் ரத்தக் கறை. வெற்றிப் பரிசு 1,535 யூரோ. மறுநாள் ஆண்கள் பிரிவில் வென்றவருக்கு 30,000 யூரோ. இந்த வித்தியாசத்தை அவருடைய அணியே கையிலிருந்து போட்டு ஈடுகட்டியது.

2022 ஜூலை 24 அன்று, ஈஃபில் கோபுரத்தின் அருகிலிருந்து 'டூர் டி பிரான்ஸ் ஃபெம்' புறப்பட்டது. 24 அணிகள், 144 பேர், எட்டுக் கட்டங்கள். இயக்குநர் முன்னாள் வீராங்கனை மரியோன் ரூஸ். முதல் வெற்றி வான் ஃப்ளூட்டனுக்கு. அப்போது அவருக்கு வயது 39. தொடக்க நாட்களில் வயிற்றுக்கோளாறால் துவண்டவர், மலை வந்ததும் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளினார்.

2024-ல் நடந்தது இந்தப் பந்தயத்தின் தரத்துக்கு அத்தாட்சி. நெதர்லாந்தின் டெமி ஃபோலரிங் இடையில் ஒரு கட்டத்தில் விழுந்து மஞ்சள் சட்டையை இழந்தார். கடைசி நாள், புகழ்பெற்ற ஆல்ப் துவேஸ் மலையேற்றம். மஞ்சள் சட்டையோடு இருந்த போலந்தின் காஷா நியவியதோமாவைவிட அவர் ஒரு நிமிடம் 15 விநாடி பின்தங்கியிருந்தார். ஃபோலரிங் தாக்கினார், கட்டத்தையும் வென்றார், வெற்றிக்கான 10 விநாடிச் சலுகையும் பெற்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்தார். 61 விநாடி கழித்து நியவியதோமா வந்து சேர்ந்தார். எட்டுக் கட்டங்களுக்குப் பின் நியவியதோமா டூரை வென்றது நான்கே விநாடி வித்தியாசத்தில். ஆண்களின் டூரில் மிகக் குறைந்த வித்தியாசம் எட்டு விநாடி. 1989-ல் தோற்றவர், மார்ட்டினோடு மேடையில் நின்ற அதே ஃபின்யோன். 2025-ல் மலைசைக்கிள் ஒலிம்பிக் சாம்பியனான பொலின் ஃபெரான்-ப்ரேவோ சாலைப் பந்தயத்துக்குத் திரும்பி, பாரிஸ்–ரூபேயையும் டூரையும் ஒரே வருடத்தில் வென்றார். தங்கள் நாட்டுப் பெண் டூரை வெல்வதைப் பார்க்க பிரெஞ்சு ரசிகர்கள் லோங்கோவின் 1989 வெற்றிக்குப் பிறகு காத்திருந்தார்கள்.

கணக்கு இன்னும் நேராகவில்லை. டூரில் வெல்லும் பெண்ணுக்கு 50,000 யூரோ, ஆணுக்கு 5 லட்சம். ஆண்கள் மூன்று வாரம் ஓட்டுகிறார்கள் என்று இதற்கு நியாயம் சொல்பவர்கள் உண்டு. பெண்களுக்கு எட்டு ஒன்பது நாள் மட்டும் ஒதுக்கியது பெண்கள் எடுத்த முடிவல்ல. அதைவிடக் கவலை கீழ்த்தட்டில் இருக்கிறது. முதல் இரண்டு நிலை அணிகளுக்குத்தான் குறைந்தபட்ச ஊதிய விதி. மூன்றாம் நிலையான கான்டினென்டல் அணிகளுக்கு அது கிடையாது. நாளைய சாம்பியன்கள் பலர் அங்கேதான் இன்று ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த விதியை அவர்கள்வரை நீட்டாமல் சமத்துவம் வந்துவிட்டது என்று யூ.சி.ஐ. சொல்லிக்கொள்ள முடியாது.

நான்காவது பிறவி நிலைக்குமா என்பதை இனி ஏற்பாட்டாளர்கள் மட்டும் முடிவு செய்ய மாட்டார்கள். ஸ்பான்சரும் தொலைக்காட்சியும் பார்வையாளர் எண்ணிக்கையைப் பார்த்தே நகர்கிறார்கள். ஆண்களின் டூர் முடியும் வேளையை ஒட்டி, ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டிலோ பெண்களின் டூர் நடக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் ஒரு மலைக் கட்டத்தையாவது நேரலையில் பாருங்கள், வீட்டிலுள்ள பெண் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்காரவைத்து.